கைமாறும் வழியுரிமை

நுழையும் முன்

ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரு தொடர்வண்டிகள் வர நேர்ந்தால் என்ன ஆகும்? இந்த அச்சத்திற்கு விடையாக ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் உருவான எளிய முறையே டோக்கன் முறை. உள்ளங்கை அளவேயான ஓர் உலோக வில்லை, பல நூறு பேர் பயணம் செய்யும் வண்டியை நிறுத்தவும் செலுத்தவும் வல்லதாயிற்று. கணினியும் செயற்கைக்கோளும் வந்த பின்னரும் அம்முறை சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அதன் பின்னுள்ள அறிவையும், அது மனிதரிடம் எதிர்பார்க்கும் பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒற்றைத் தடத்தின் சிக்கல்

சாலையில் எதிரே வரும் ஊர்தியைக் கண்டால் ஓட்டுநர் சற்று ஒதுங்கிச் செல்லலாம். தொடர்வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தண்டவாளம் காட்டும் வழியன்றி வேறு வழியை அது அறியாது. விரைவாகச் செல்லும் வண்டி, நிறுத்துவிசையை இயக்கிய பின்னரும் நெடுந்தொலைவு ஓடியே நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் இரு வண்டிகள் எதிரெதிராக வருவதாகக் கொள்வோம். அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு ஒவ்வொரு நிமிடமும் 2 கிலோமீட்டர் குறைகிறது. மலைப்பாதையின் வளைவில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஓட்டுநர் எதிர்வண்டியைக் கண்ணால் கண்டபின் செய்யத்தக்கது மிகக் குறைவே.

செல்வதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரு தடங்கள் இருந்தால் இந்த இடர் பெரிதும் குறையும். ஆனால், இரண்டாவது தடம் அமைக்க நிலம், பாலம், சுரங்கம் ஆகிய அனைத்திற்கும் மீண்டும் செலவாகும். வண்டிகள் குறைவாக ஓடும் வழிகளிலும், மலையைக் குடைந்து செல்லும் வழிகளிலும் அவ்வளவு செலவு செய்வது அரிது. ஆகவே, உலகின் பல பகுதிகளில் ஒற்றைத் தடமே அமைந்தது. நிலையங்களில் மட்டும் தடம் இரண்டாகப் பிரிந்து, ஒரு வண்டி ஒதுங்கி நிற்க மற்றொன்று கடந்து செல்லும். பயணிகள் பேச்சுவழக்கில், "கிராசிங்குக்காக வண்டி நிற்கிறது" என்று கூறுவது இதனையே.

எதிர்வண்டியைக் காண முடியாத ஓட்டுநருக்கு, 'அடுத்த நிலையம்வரை இத்தடம் உனக்கே உரியது' என்ற உறுதியை யார் அளிப்பது? அந்த உறுதி பொய்க்காது என்பதற்கு எது சான்று? ஒற்றைத் தடத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களுக்கு விடை தேடிய வரலாறே.

ஒரு கோல், ஒரு வண்டி

தொடக்கத்தில் கால அட்டவணையையே நம்பினர். இன்ன நேரத்தில் இன்ன வண்டி இன்ன நிலையத்தில் இருக்கும் என்று வகுத்துக்கொண்டனர். ஒரு வண்டி தாமதித்தால் அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்தது.

பின்னர், மிக எளிய ஒரு வழியைக் கண்டனர். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்திற்கென ஒரே ஒரு கோலைச் செய்தனர். அக்கோல் எந்த வண்டியில் இருக்கிறதோ அந்த வண்டி மட்டுமே அத்தடத்தில் நுழையலாம் என்பது விதி. ஒரு கோல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க இயலாது. எனவே, இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் அத்தடத்தில் இருக்க இயலாது. சொல்லையும் நினைவையும் நேரத்தையும் நம்பாமல், பொருளின் இயல்பையே காவலாக்கியது இம்முறையின் சிறப்பு.

எனினும், இதிலும் ஒரு குறை இருந்தது. முதல் நிலையத்திலிருந்து கோலுடன் ஒரு வண்டி சென்றுவிட்டது என்று கொள்வோம். அதனைத் தொடர்ந்து அதே திசையில் செல்ல வேண்டிய இரண்டாவது வண்டிக்குக் கோல் இல்லை. அது எதிர்முனையில் இருக்கிறது. எதிர்த்திசையில் ஒரு வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது குதிரையில் ஆள் அனுப்பிக் கோலை வரவழைக்க வேண்டும்.

இக்குறையை நீக்கக் கோலுடன் சீட்டையும் சேர்த்தனர். முன்செல்லும் வண்டியின் ஓட்டுநரிடம் கோலைக் காட்டிச் சீட்டை மட்டும் தருவர். பின்செல்லும் வண்டி கோலைக் கொண்டுசெல்லும். ஒரே திசையில் எத்தனை வண்டிகள் செல்லும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் இது பயன்பட்டது. திட்டம் சற்று மாறினாலும் கோல் தவறான முனையில் நின்றது. 'ஒன்றே இருக்க வேண்டும். அது தேவைப்படும் முனையில் இருக்க வேண்டும்' என்ற முரண்பட்ட இரு தேவைகளையும் நிறைவுசெய்ய ஒரு கருவி வேண்டியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் தொடர்வண்டி, புகைவண்டி என வழங்கப்படுவதை இலங்கைத் தமிழில் புகையிரதம், தொடருந்து என வழங்குவர். இங்கு நிலைய அலுவலர் எனப்படுபவர் அங்கு நிலைய அதிபர் எனப்படுகிறார். தூணின் உச்சியில் பலகைக் கை ஏறி இறங்கும் பழைய குறிகையைத் தமிழ் மக்கள் கைகாட்டி, கைகாட்டி மரம் எனப் பெயரிட்டு அழைத்தனர்.

பெருவிபத்தும் புதிய கருவியும்

1874ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு அருகே, தார்ப் என்னுமிடத்தில் ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருபத்தைந்து பேர் மாண்டனர். அத்தடத்தில் அப்போது கோல் முறை இல்லை. தந்திச் செய்தியே காவலாக இருந்தது. எதிர்நிலையத்தில் நிற்கும் அஞ்சல் வண்டியை அனுப்பலாம் என்ற செய்தி, பொறுப்பாளர் கையொப்பமிடாத நிலையிலேயே தந்தியில் சென்றுவிட்டது. இப்பக்கத்திலிருந்து விரைவு வண்டியும் புறப்பட்டுவிட்டது. தவற்றை உணர்ந்து செய்தியைத் திரும்பப் பெற முயன்றபோது, அஞ்சல் வண்டி அங்கிருந்து கிளம்பிவிட்டது என்ற மறுமொழியே வந்தது. இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில் இருப்பதை இரு நிலையத்தாரும் அறிந்தனர். அறிந்தும் தடுக்க வழியில்லை. அவ்வண்டிகளில் இருந்தோருக்கு மட்டும் அது தெரியாது.

இக்கொடுமை பொறியாளர் பலரைச் சிந்திக்கச் செய்தது. அவர்களுள் ஒருவர் எட்வர்டு டையர். அவர் 1878இல் வில்லைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே ஒரு கோலுக்கு மாற்றாகப் பல வில்லைகளை அவர் வைத்தார். ஆனால், அவற்றுள் ஒன்று மட்டுமே வெளியே இருக்க முடியும் என்பதை மின்சாரத்தால் உறுதிசெய்தார். 1880களின் இறுதியில் வெப், தாம்சன் என்போர் இதே கருத்தைக் கோல்களைக் கொண்டு செயற்படுத்தினர். பின்னர்ச் சாவி வடிவிலும் பந்து வடிவிலும் டோக்கன்கள் தோன்றின. வடிவங்கள் வேறாயினும் அடிப்படை ஒன்றே.

கருவி இயங்கும் முறை

அடுத்தடுத்த இரு நிலையங்களை 'அ', 'ஆ' எனக் கொள்வோம். இரு நிலையங்களிலும் ஒரே வகையான இரு கருவிகள் உள்ளன. அவற்றை மின்கம்பி இணைக்கிறது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் பல வில்லைகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வில்லையிலும் அத்தடத்தின் இரு முனை நிலையங்களின் பெயர்களும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும்.

'அ' நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டும். அங்குள்ள பொறுப்பாளர் மணியடித்து 'ஆ' நிலையத்தை அழைக்கிறார். 'ஆ' நிலையத்தார் மணியால் மறுமொழி தருகிறார். எத்தனை முறை, எந்த இடைவெளியில் மணி ஒலிக்கிறது என்பதைக் கொண்டு எவ்வகை வண்டி வருகிறது என்பது உணர்த்தப்படும். முன்சென்ற வண்டி வந்து சேர்ந்துவிட்டதா, தடம் ஒழிந்துள்ளதா என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே 'ஆ' நிலையத்தார் தம் கருவியின் விசையை அழுத்திப் பிடிக்கிறார். அவர் அழுத்தும்போது செல்லும் மின்னோட்டம் 'அ' நிலையத்துக் கருவியின் பூட்டை விடுவிக்கிறது. அங்குள்ளவர் இழுப்பறையை இழுத்து ஒரு வில்லையை எடுக்கிறார்.

வில்லை வெளியே வந்தவுடன் இரு கருவிகளுக்கும் இடையிலான மின்பொருத்தம் குலைகிறது. அந்த வில்லை ஏதேனும் ஒரு கருவிக்குள் மீண்டும் இடப்படும்வரை அப்பொருத்தம் மீளாது. அதுவரை, 'அ' நிலையத்தார் முயன்றாலும் 'ஆ' நிலையத்தார் முயன்றாலும் மற்றொரு வில்லை வாராது. இருவரும் சேர்ந்து முயன்றாலும் வாராது. பல வில்லைகள் இருந்தும், ஒரே கோல் இருப்பதைப் போன்ற நிலை ஏற்படுகிறது. அதே வேளையில், எந்த முனையில் வண்டி நிற்கிறதோ அந்த முனையில் வில்லையும் கிடைக்கிறது. முன்னர்க் கூறிய முரண்பட்ட இரு தேவைகளும் இவ்வாறு நிறைவுற்றன.

வில்லையைத் தோல்பையில் இட்டு, பெரிய வளையம் ஒன்றில் அப்பையைப் பிணைத்து ஓட்டுநரிடம் தருவர். வளையம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிலையத்தில் நில்லாத வண்டி, விரைவைக் குறைத்துக்கொண்டு கடந்து செல்லும். நடைமேடையில் நிற்பவர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, எஞ்சினில் இருக்கும் உதவியாளர் கையை நீட்டி அதனுள் தோளளவு நுழைத்து வாங்கிக்கொள்வார். முந்தைய தடத்திற்குரிய வளையத்தை அதே நேரத்தில் அவர் ஒப்படைப்பார். சில நொடிகளில் முடியும் இக்கைமாற்றத்திற்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும்.

வண்டி 'ஆ' நிலையத்தை அடைந்ததும், கடைசிப் பெட்டியும் வந்துவிட்டது என்பதை உறுதிசெய்து, வில்லையைக் கருவிக்குள் இடுவர். தடம் அடுத்த வண்டிக்குத் திறக்கும். ஒரு திசையில் மட்டும் மிகுதியான வண்டிகள் சென்றால் வில்லைகள் ஒரு முனையிலேயே குவிந்துவிடும். அப்போது பராமரிப்புப் பணியாளர் முறையாகப் பதிவுசெய்து, சில வில்லைகளை எடுத்து மறுமுனைக் கருவியில் சேர்ப்பார்.

ஒரு நிலையத்தில் இரு பக்கத்துத் தடங்களுக்கும் தனித்தனிக் கருவிகள் இருக்கும் அல்லவா? ஒன்றற்குரிய வில்லையை மற்றொன்றில் இட்டுவிடாதிருக்க, அடுத்தடுத்த தடங்களின் வில்லைகளில் வெவ்வேறு வகையான வெட்டுகளை அமைத்தனர். தவறான கருவி அவ்வில்லையை ஏற்காது.

மலையகத்தில் வாழும் மரபு

இம்முறையை இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் காணத்தக்க இடங்களுள் இலங்கையின் மலைநாட்டு வழித்தடம் குறிப்பிடத்தக்கது. கொழும்பிலிருந்து பதுளைவரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர் செல்லும் இவ்வழித்தடம், ரம்புக்கணையைக் கடந்ததும் ஒற்றைத் தடமாகி மலையேறுகிறது. 1867இல் கண்டியை அடைந்த தொடர்வண்டி, 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. முதலில் காப்பியும், காப்பிச் செடிகள் நோயால் அழிந்த பின்னர்த் தேயிலையும் இவ்வழியே துறைமுகம் சென்றன. அத்தோட்டங்களை உருவாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். அவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர்க்கு ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, அப்புத்தளை முதலிய நிலையப் பெயர்கள் வாழ்வோடு கலந்தவை.

இவ்வழித்தடத்தின் நில அமைப்பே டோக்கனின் தேவையை விளக்கிவிடும். நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், அடுத்தடுத்து வரும் கூரிய வளைவுகள், தேயிலைச் சரிவுகளை மூடும் பனிமூட்டம் ஆகியவற்றினூடே வண்டி செல்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல, அந்நாட்டின் மிக உயர்ந்த தொடர்வண்டி நிலையம். தெமோதரையில் தடம் ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வழியே செல்கிறது. இத்தகைய பாதையில் ஓட்டுநரின் கண் எவ்வளவு கூர்மையாயினும் பயன் சிறிதே. அவரை அடுத்த வளைவுக்குள் துணிவுடன் செலுத்துவது, அவர் எஞ்சினில் தொங்கும் வளையமும் அதனுள் இருக்கும் வில்லையுமே.

நிலைய அதிபரின் அறையில் பழைய வில்லைக் கருவிகள் நிற்கின்றன. பக்கத்து நிலையத்தின் மணி ஒலிக்கிறது, மறுமொழி செல்கிறது, வில்லை வெளிவருகிறது, நெம்புகோல் இழுக்கப்பட்டுக் கைகாட்டி இறங்குகிறது. வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்து அருவியையும் பள்ளத்தாக்கையும் படம்பிடிக்கும் சுற்றுலாப் பயணியின் கண்ணில், நடைமேடையில் கைமாறும் வளையம் ஒரு வேடிக்கைக் காட்சியாகத் தெரியலாம். உண்மையில், அவரது உயிருக்கான உறுதிமொழியே அங்குக் கைமாறுகிறது.

அதே நாட்டில், போரால் சிதைந்த வடக்கு வழித்தடம் மீண்டும் அமைக்கப்பட்டபோது வண்ண விளக்குக் குறிகைகள் நிறுவப்பட்டன. 2014இல் யாழ்ப்பாணத்திற்கு மீண்டும் சென்ற வண்டி புதிய குறிகைகளின் வழியே சென்றது. மலைநாட்டிலோ பழைய முறை நீடிக்கிறது. ஒரே நாட்டில் இரு காலங்கள் அருகருகே இயங்குகின்றன.

தெரியுமா?

இந்தியாவின் ஒற்றைத் தடங்களில் நீல் என்பவரின் பெயரால் வழங்கும் பந்து டோக்கன் கருவி பரவலாகப் பயன்பட்டது. வில்லைக்கு மாற்றாக, நிலையங்களின் குறியெழுத்துகளும் எண்ணும் பொறித்த உலோகப் பந்து கருவியிலிருந்து உருண்டு வெளிவரும். தமிழ்நாட்டின் மீட்டர் பாதைகளிலும் இப்பந்து தோல்பையில் ஏறிப் பயணம் செய்தது. 1992இல் தொடங்கிய ஒருசீர் அகலப்பாதைத் திட்டத்தின்கீழ் பாதைகள் அகலப்படுத்தப்பட்டபோது, டோக்கன் இல்லா முறைகளும் வண்ண விளக்குகளும் அதன் இடத்தைப் பிடித்தன.

படிக்கப்படாத வில்லை

கருவி பிழை செய்யாது என்ற நம்பிக்கை மனிதரைச் சோர்வடையச் செய்வதும் உண்டு. 1921ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் வேல்சு நாட்டின் ஏபர்மியூல் நிலையத்தில் நடந்தது இதற்குச் சான்று. அங்கு டையரின் வில்லைக் கருவிகள் முறையாகவே இயங்கின. பயணிகள் வண்டி ஒன்று மான்ட்கோமரி நிலையத்திலிருந்து ஏபர்மியூலுக்கு வந்து நின்றது. எதிரே, நியூடவுன் நிலையத்திலிருந்து விரைவு வண்டி ஏபர்மியூலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவ்விரண்டும் ஏபர்மியூலில் ஒன்றையொன்று கடக்க வேண்டும்.

வந்து நின்ற வண்டியின் ஓட்டுநரிடமிருந்து, கடந்துவந்த தடத்தின் வில்லையை இளம்பணியாளர் ஒருவர் வாங்கினார். அதனைக் கருவியில் இடச் சென்றவர், வழியில் நிலையத் தற்காலிகப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். பொறுப்பாளரோ அது முன்னுள்ள தடத்திற்குரிய வில்லை என்று எண்ணிக்கொண்டார். பையைத் திறந்து பெயரைப் படிக்கவில்லை. நேரே ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார். ஓட்டுநரும் திறந்து படிக்கவில்லை. தாம் சற்று முன்னர் ஒப்படைத்த அதே வில்லையை வாங்கிக்கொண்டு, தமக்கு உரிமையில்லாத தடத்தில் வண்டியைச் செலுத்தினார். சிறிது தொலைவில் விரைவு வண்டி எதிர்ப்பட்டது. பதினேழு பேர் உயிரிழந்தனர். சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்ட வில்லையில் பின்னுள்ள தடத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.

கருவி தன் கடமையைச் செய்தது; தவறான வில்லை எதையும் அது வெளியிடவில்லை. நிலையப் பணியாளர் பலர் கருவிகளைக் கையாளும் வழக்கம், யார் எதைச் செய்தார் என்பதை ஒருவருக்கொருவர் தெளிவாகக் கூறாமை, 'அவர் பார்த்திருப்பார்' என்று ஒவ்வொருவரும் எண்ணியமை ஆகிய சிறு தளர்ச்சிகள் ஒன்றுசேர்ந்தே அவ்விபத்தை விளைவித்தன. ஒவ்வொரு தளர்ச்சியும் தனித்தனியே மன்னிக்கத்தக்கதாகத் தோன்றும். அவை ஒரே நிமிடத்தில் சந்தித்ததுதான் பேரிழப்பு.

இதிலிருந்து இரு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, பொறியியல் சார்ந்தது: வில்லை முறைப்படி எடுக்கப்பட்டாலன்றிப் புறப்பாட்டுக் குறிகை இறங்காதவாறு இரண்டையும் பிணைக்க வேண்டும். மற்றொன்று, மனிதர் சார்ந்தது: கருவியைப் பொறுப்பாளர் மட்டுமே கையாள வேண்டும், வாங்குபவர் ஒவ்வொருவரும் வில்லையில் பொறித்த பெயரைத் தம் கண்ணால் படித்தறிய வேண்டும். கொடுப்பவர் உயர் அலுவலர் என்பதற்காகப் படிக்காமல் வாங்குவது பணிவு ஆகாது. கடமை தவறுதலே ஆகும்.

மனிதரே டோக்கனாகும்போது

கருவி பழுதடைந்தால் என்ன செய்வது? பிரித்தானியத் தொடர்வண்டித் துறையில் இதற்கு வியப்பூட்டும் ஒரு விடை உண்டு. ஒருவரை அத்தடத்திற்கு வழிகாட்டுநராக அமர்த்துவர். அவர் கையில் அடையாளப் பட்டை அணிந்திருப்பார். அவர் நேரில் வந்து ஏறினாலன்றி, அல்லது நேரில் நின்று அனுமதி தந்தாலன்றி எந்த வண்டியும் அத்தடத்தில் நுழையக் கூடாது. அவர் ஒருவரே, ஒரே நேரத்தில் இரு முனைகளிலும் இருக்க இயலாது. கோலும் வில்லையும் செய்த பணியை இப்போது ஒரு மனிதரின் உடலே செய்கிறது. டோக்கன் என்பதன் உட்பொருள் உலோகத்தில் இல்லை, 'ஒன்றே' என்னும் தன்மையில் இருக்கிறது என்பதை இது தெளிவாக்குகிறது.

பழைய கருத்து, புதிய உருவம்

டோக்கன் முறைக்குக் குறைகளும் உண்டு. வளையத்தை வாங்கவும் கொடுக்கவும் வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் விரைவைக் குறைக்க வேண்டும். இரவும் பகலும் நிலையந்தோறும் ஆட்கள் விழித்திருக்க வேண்டும். வில்லை தவறிப் புதரில் விழுந்தால் அது கிடைக்கும்வரை, அல்லது மாற்று ஏற்பாடு செய்யும்வரை தடம் முடங்கும். நாளொன்றுக்குப் பற்பல வண்டிகள் ஓடும் வழிக்கு இம்முறை போதாது. பழைய கருவிகளுக்கு உதிரி உறுப்புகள் கிடைப்பதும் எளிதன்று.

எனவே, புதிய முறைகள் எழுந்தன. தடத்தின் இரு முனைகளிலும் பொருத்தப்படும் அச்சு எண்ணிகள், உள்ளே சென்ற சக்கர அச்சுகளின் எண்ணிக்கையையும் வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிடுகின்றன. இரண்டும் ஒத்தால் தடம் வெறுமையாக உள்ளது என்று பொருள். கடைசிப் பெட்டி வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தறிந்த பணியை எண்கள் ஏற்றுக்கொண்டன. 1980களில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி வழித்தடங்களில் டோக்கனையே வானொலி அலையில் ஏற்றினர். நெடுந்தொலைவில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் அனுப்பும் மின்னணு டோக்கன், எஞ்சினில் உள்ள திரையில் தடத்தின் பெயராகத் தோன்றும். உலோகம் மறைந்தது; விதி மறையவில்லை. அங்கும் ஒரு தடத்திற்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கனே.

இக்கருத்து தண்டவாளத்தை விட்டும் வெளியே சென்றது. ஒரே தரவை இரு நிரல்கள் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால் கணினியிலும் 'மோதல்' நேரும். அதனைத் தடுக்க 1960களில் வழிகண்ட கணினி அறிஞர் எட்சர் டைக்ஸ்ட்ரா, தம் முறைக்குக் கைகாட்டியைக் குறிக்கும் 'செமஃபோர்' என்ற சொல்லையே பெயராக வைத்தார். 1985இல் அறிமுகமான ஒரு கணினி வலையமைப்பு முறை, 'டோக்கன் ரிங்' என்றே பெயர் பெற்றது. வளையமாக இணைந்த கணினிகளிடையே ஒரு டோக்கன் சுற்றிவரும். அதனைப் பெற்ற கணினி மட்டுமே செய்தி அனுப்பலாம்.

கையில் இருப்பது எது?

பழையது என்பதால் ஒன்றைப் போற்றுவதும், பழையது என்பதாலேயே ஒன்றைத் தள்ளுவதும் முறையாகா. வண்டிகள் பெருகும் வழிகளில் டோக்கன் விடைபெறுவது இயல்பு. வண்டிகள் குறைந்த மலைவழிகளில் அது தொடர்வதற்கும் காரணம் உண்டு. அதன் செயல் கண்ணுக்குத் தெரியும். அதன் பழுது பெரும்பாலும் வண்டியை நிறுத்துமேயன்றி மோதவிடாது. பிரித்தானியாவின் மரபுத் தொடர்வண்டிகளில் இளைஞர்கள் பலர் இன்றும் இக்கருவிகளை இயக்கக் கற்றுக்கொள்கின்றனர்.

எந்த முறை வந்தாலும் மாறாதது ஒன்று உண்டு. தார்ப்பில் கருவி இல்லாமையால் இழப்பு நேர்ந்தது. ஏபர்மியூலில் கருவி இருந்தும் கவனம் இல்லாமையால் இழப்பு நேர்ந்தது. முதல் குறையைப் பொறியாளர் நீக்கலாம். இரண்டாவதை, வில்லையைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் நீக்க வேண்டும். வாங்கியதைத் திறந்து, பொறித்த பெயரைப் படித்து, உரியது என்று உறுதிசெய்ய ஐந்து நொடிகள் போதும். அந்த ஐந்து நொடிகளின் மேல்தான் பல நூறு பேரின் பயணம் அமைகிறது.

சொல்லும் பொருளும்

குறிகை – வண்டிக்கு வழிகாட்டும் அடையாளம்
வில்லை – வட்டத் தகடு
காப்புரிமை – கண்டுபிடிப்பாளருக்குச் சட்டம் தரும் உரிமை
அச்சு – இரு சக்கரங்களை இணைக்கும் தண்டு
ஒழிந்துள்ள – வெறுமையாக உள்ள

இலக்கணக் குறிப்பு

பெருவிபத்து – பண்புத்தொகை
நில்லாத வண்டி – எதிர்மறைப் பெயரெச்சம்
நிற்பவர் – வினையாலணையும் பெயர்
கண்ணும் கையும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

அறிந்தனர் = அறி + த்(ந்) + த் + அன் + அர்
அறி – பகுதி
த் – சந்தி. ந் ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. வகுப்பறையின் இரு முனைகளை இரு நிலையங்களாகக் கொண்டு, மாணவர் சிலர் வண்டிகளாகவும் இருவர் நிலையப் பொறுப்பாளர்களாகவும் நின்று, ஒரே கோலுடன் டோக்கன் முறையை நடித்துக் காட்டுக. ஒரே திசையில் இரு வண்டிகள் செல்ல நேர்ந்தால் எழும் சிக்கலைக் கண்டறிக.

2. உங்கள் ஊரிலோ அருகிலோ பணியாற்றிய ஓய்வுபெற்ற தொடர்வண்டிப் பணியாளரைச் சந்தித்து, டோக்கன், கைகாட்டி, லைன் கிளியர் முதலியன குறித்து அவர் கூறுவனவற்றைத் தொகுத்து எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. எட்வர்டு டையர் வில்லைக் கருவிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு
அ) 1867 ஆ) 1874 இ) 1878 ஈ) 1921

2. பொருத்துக.
அ) பட்டிப்பொல – 1) பந்து டோக்கன்
ஆ) நீல் – 2) சுற்றுத்தடம்
இ) தெமோதரை – 3) படிக்கப்படாத வில்லை
ஈ) ஏபர்மியூல் – 4) உயர்ந்த நிலையம்

குறுவினா

1. ஒற்றைத் தடத்தில் ஒரே கோலைப் பயன்படுத்துவதில் இருந்த குறை யாது?
2. வில்லையைப் பிணைக்கும் வளையம் பெரிதாக அமைவது ஏன்?

சிறுவினா

1. வில்லை வெளியே இருக்கும்போது மற்றொரு வில்லையை எடுக்க இயலாமையின் காரணத்தை விளக்குக.
2. 'டோக்கன் என்பதன் உட்பொருள் உலோகத்தில் இல்லை' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

நெடுவினா

தார்ப், ஏபர்மியூல் ஆகிய இரு விபத்துகளையும் ஒப்பிட்டு, கருவியின் காவலும் மனிதரின் கவனமும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டியதன் இன்றியமையாமையைக் கட்டுரைக்க.